பாயசத்தில் பூண்டு வாசனை

பேரனுக்குப் பிறந்தநாள். தெற்குக் கொல்கத்தாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் காலையிலேயே பாயசம் தயார். வங்காளிகளின் பிறந்தநாளில் கேக் இல்லாமல் இருக்கலாம், பாயசம் இல்லாமல் இருக்க முடியாது. கோபிந்தபோக் அரிசி, பால், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்ச வெல்லம். வீட்டில் மூத்தவரான பாட்டி முதல் கரண்டியைப் பேரனுக்கு ஊட்டினார். பிறகு தமக்கென்று வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனவர், ஓசையில்லாமல் மேசைமீது வைத்துவிட்டார்.

"பசியில்லை, பௌமா" என்றார் மருமகளிடம்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அரிசி வெந்த அதே குக்கரில்தான் அன்று ஆட்டுக்கறி வெந்தது. கணவர் இறந்ததிலிருந்து பாட்டி மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடத் தொடுவதில்லை. குக்கரை இரண்டு முறை தேய்த்துக் கழுவியாயிற்று. உட்புறம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இருந்தும் பாயசத்தில் பூண்டு இருந்தது.

பழைய வங்காள வீடுகளில் இந்தச் சங்கடம் வந்திருக்காது. விதவைகளுக்கென்று தனிச் சமையலறையோ தனி அடுப்போ இருந்தது. 'நிராமிஷ்' எனப்படும் சைவச் சமையல் அங்கே நடக்கும். கடுமையான வழக்கம்தான். கணவனை இழந்த பெண்ணிடமிருந்து மீனைப் பறித்துக்கொண்ட சமூகம், பதிலுக்கு ஒரு மூலையையும் நாலு பாத்திரத்தையும் கொடுத்தது. இன்று பல குடும்பங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. ஆனால் அதிலேயே வாழ்ந்து பழகிய பாட்டிகளின் மூக்கும் நாக்கும் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. அவர்கள் மாறவில்லை, வீடு மாறிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, ஒரே குக்கர்.

இது வங்காளத்துப் பாட்டிகளின் பிரச்சினை மட்டுமல்ல. முட்டைக்கென்று தனி வாணலியை ஒளித்து வைக்கும் வட இந்திய வீடுகள் உண்டு. ஒருவர் மீன் சாப்பிட, இன்னொருவர் சாப்பிடாத கலப்புத் திருமணக் குடும்பங்கள் உண்டு. எல்லோரும் எல்லாம் சாப்பிடும் வீட்டிலும், மாலைக் காப்பியில் மதியக் குழம்பு மணத்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஒரே சமையலறையைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையில், நேற்றைய சமையலை இன்றைக்கு நினைவில் வைத்திருக்காத பாத்திரம் எது என்பது சாதாரணக் கேள்வியல்ல.

மருமகள் முதலில் செய்தது, பலரும் செய்வதுதான். இன்னொரு குக்கர் வாங்கினார். ஒரு மாதத்தில் அதுவும் அதேபோல் மணக்கத் தொடங்கியது. குற்றவாளியை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரைப் பிடித்த கதை.

பாத்திரத்தில் வாசனை எப்படித் தங்குகிறது? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எண்ணெய்ப் படலம். பூண்டு, வெங்காயம், பெருங்காயம் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு ஒன்று பாத்திரத்தில் மிச்சமிருந்தால் போதும், மணமும் அதிலேயே குடியிருக்கும். அந்த எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடேறினால் வார்னிஷ் போல இறுகி, பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, நுண்துளைகள். மண்சட்டி எண்ணெயையும் நீரையும் உள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ரப்பர், சிலிக்கோன், பிளாஸ்டிக் ஆகியவற்றில் மணம் மேலே ஒட்டுவதோடு நிற்பதில்லை, பொருளுக்குள்ளேயே ஊடுருவிக் கரைந்துவிடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது போகாது. மறுபடி சூடுபட்டால் மெல்ல வெளியே வரும்.

இப்போது குக்கரைப் பாருங்கள். உடல் உலோகம். மூடியும் உலோகம். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். கறி வெந்த அரை மணி நேரமும் நீராவி அழுத்தத்தில் பூண்டையும் மசாலாவையும் நேராக வாங்கிக்கொண்டது அந்த கேஸ்கெட்தான். அடுத்த நாள் பாலும் அரிசியும் கொதிக்கும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. பாலில் கொழுப்பு இருப்பதால் அக்கம்பக்கத்து மணத்தையெல்லாம் அது விரைவில் பிடித்துக்கொள்ளும். பாயசத்தில் தெரிந்தது பருப்பில் தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம்.

சந்தேகம் இருப்பவர்கள் பாத்திரத்தைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செலவு ஏதுமில்லை. குக்கரின் உடலில் மட்டும் இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி, சாதாரணத் தட்டால் மூடிக் கொதிக்கவிட்டு, தட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பிறகு கேஸ்கெட்டைக் கழற்றி வேறொரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து முகருங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் பாத்திரம் விடுதலையாகும், இரண்டாவது மாட்டிக்கொள்ளும். எந்தப் பாத்திரமானாலும் இதே முறைதான். உடலைத் தனியாக, மூடியைத் தனியாக, கரண்டியைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

கேஸ்கெட்தான் குற்றவாளி என்றால் தீர்ப்பு எளிது. இரண்டு குக்கர் தேவையில்லை, இரண்டு கேஸ்கெட் போதும். ஒன்று கறிக்கு, ஒன்று சோறு பருப்புக்கு. அடையாளத்துக்கு ஒன்றில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள், சமைக்கும்போது மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். அதே நிறுவனத்தின், அதே அளவு கேஸ்கெட்டாக இருக்க வேண்டும். பொருந்தாத கேஸ்கெட் ஆபத்து. விறைத்துப்போனது, வெடிப்பு விட்டது எதுவாயினும் வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றியே ஆகவேண்டும். சமையல் முடிந்ததும் கேஸ்கெட்டைக் கழற்றிக் கழுவி, காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு குக்கரை இறுக்க மூடி அலமாரியில் வைத்தால் மிச்சமிருக்கும் கொஞ்ச மணமும் உள்ளேயே ஊறும். மூடியைக் கவிழ்த்து, காற்றுப் புகும்படி வைப்பதே நல்லது.

புதிதாகப் பாத்திரம் வாங்கத்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது?

மணத்தைப் பிடித்து வைக்காத விஷயத்தில் முதலிடம் கண்ணாடிக்கு. உறிஞ்சாது, எதனோடும் வினைபுரியாது, அழுக்கு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பெரும்பாலான கண்ணாடிப் பாத்திரங்களை நேரடித் தீயில் வைக்க முடியாது. தயிர் உறைய வைக்க, மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க அதைவிட நல்லது இல்லை. இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டிய எனாமல் பாத்திரமும் அதே ஜாதி. பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு, துரு வந்த இடத்தில் மணம்.

அடுப்பில் ஏற்றத்தக்கவற்றில் முதலிடம் எவர்சில்வருக்கு. குரோமியம் கலந்திருப்பதால் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகி, கீறல் விழுந்தாலும் மறுபடி மூடிக்கொள்கிறது. கடையில் 304 என்றோ 18/8 என்றோ சொன்னால் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று பொருள். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். மணம் தங்குவதில் புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உப்பும் புளியும் நாள்கணக்கில் பட்டால், நிக்கல் குறைந்த ரகம் சீக்கிரம் புள்ளிபுள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளிகளில் எண்ணெய் ஒளிந்துகொள்ளும்.

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை. அதை மறந்துவிடுங்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. இண்டக்ஷன் அடுப்புக்கென்று அடியில் காந்தம் ஒட்டும் தகடு வைத்த நல்ல பாத்திரமும் உண்டு. காந்தத்துக்குப் பதில் கண்ணையும் விரலையும் நம்பலாம். உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா? விளிம்பு மடித்த இடத்தில் இடுக்கு இருக்கிறதா? கைப்பிடியை உட்புறம் தெரியும்படி ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்களா? ஆணித்தலையைச் சுற்றிலும் சேரும் பிசுக்கைத் தேய்த்து எடுக்க முடியாது. பற்றவைத்த கைப்பிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அடி தடிமனாக இருப்பது இன்னும் முக்கியம். மெல்லிய அடி பிடித்துக் கருகும். கருகியதைச் சுரண்டுவோம். சுரண்டிய கோடுகளில் மறுநாள் மணம் தங்கும்.

அலுமினியம் மலிவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் மென்மையான உலோகம், எளிதில் கீறல் விழும். புளியும் தக்காளியும் அதனோடு வினைபுரிந்து உலோகச் சுவை தரும். சமையல் சோடா போட்டுத் தேய்த்தால் கறுத்துவிடும். ஹார்டு அனோடைஸ்டு என்று விற்கும் கறுப்பு நிறப் பாத்திரங்களில், அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தையே மின்முறையில் தடிமனாக வளர்த்திருப்பார்கள். சாதாரண அலுமினியத்தைவிட அது எவ்வளவோ மேல்.

நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு புதிதாக இருக்கும்வரை எதையும் ஒட்டவிடாது, மணத்தையும்தான். கீறல் விழுந்த பிறகு கதை வேறு. காலியாக அடுப்பில் வைத்து 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் பூச்சைத் தயாரிக்க ஒரு காலத்தில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளை 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வாங்குவதானால் அது இல்லாதது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். கீறிய நான்ஸ்டிக்கைப் பாசத்தோடு வைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பித்தளையும் தாமிரமும் தனிக் கதை. காஷ்மீர விருந்தான வாஸ்வான் இன்றும் தாமிரப் பாத்திரங்களில்தான் வேகிறது. உட்புறம் ஈயம் பூசியிருக்கும். அந்தப் பூச்சு முழுதாக இருக்கும்வரை மணம் பற்றிய கவலை இல்லை. தேய்ந்தால் புளிப்பு பட்டுக் களிம்பேறும். இந்த ஈயம் வெள்ளீயமாக இருக்க வேண்டும், நஞ்சான காரீயமாக இருக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால், வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்துவந்த காலம் பெரும்பாலான நகரங்களில் முடிந்துவிட்டது. பூச ஆள் கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மீதி இருப்பவை மண்சட்டியும் இரும்புச் சட்டியும். இவை இரண்டும் மணத்தைப் பிடித்து வைப்பவை. அதற்காகத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். பழகிய இரும்பு வாணலியில் கறுப்பாகப் பளபளப்பது எண்ணெய் இறுகிய படலம்தான். கேரளத்திலும் கோவாவிலும் மீன் குழம்புக்கு மண்சட்டி. அதில் வேறெதுவும் வைக்க மாட்டார்கள். வைத்தால் தவறு சட்டியுடையதல்ல. மண்சட்டியைச் சோப்பில் ஊறவைத்தால் சோப்பையும் குடித்துவிடும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும், பிறகு நல்ல வெயில். 'மணம் தங்காத மண்சட்டி' என்று யாராவது விற்றால், ஒன்று அதன்மேல் மெருகுப் பூச்சு இருக்கிறது, அல்லது விற்பவர் வார்த்தையில் மெருகு இருக்கிறது.

கழுவும் முறையிலும் ஒரு குழப்பம் உண்டு. எலுமிச்சை எல்லா நாற்றத்தையும் போக்கும் என்று நம்புகிறோம். மீனுக்கு அது உண்மை. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில்அமைன் காரத்தன்மை உள்ளது. எலுமிச்சையோ வினிகரோ புளியோ பட்டால் அமிலமும் காரமும் சேர்ந்து, ஆவியாகாத உப்பாகிவிடும். நாற்றம் அடங்கும். பூண்டுக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்குச் சூடான நீரும் எண்ணெயை இழுக்கும் சோப்பும்தான் வேண்டும். குளிர்ந்த நீரில் எண்ணெய் உறைந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, நேற்று மீன் பாத்திரம் தேய்த்த அதே நாரால் இன்று பால் பாத்திரத்தைத் தேய்த்தால், குற்றம் பாத்திரத்தின் மேல் விழும். எவர்சில்வரில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தை ஊற்றாதீர்கள், அரித்துவிடும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை. குக்கருக்கு அது 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கும் ஆணையை 2024 மார்ச்சில் மத்திய அரசு பிறப்பித்தது. முத்திரை இருந்தால் மணம் தங்காது என்று அர்த்தமில்லை. உலோகம் சொன்ன உலோகம்தானா என்பதற்கு ஓரளவு உத்தரவாதம், அவ்வளவுதான். மூடியோடு வரும் எவர்சில்வர் டப்பாவானால் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே சிலிக்கோன் வளையம் இருந்தால் அது கழற்றக்கூடியதா என்று இழுத்துப் பாருங்கள். கழற்ற முடியாத வளையம், குழந்தையின் டிபன் பாக்ஸில் ஒரு வருடத்து ஊறுகாயைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கொல்கத்தா மருமகள் கடைசியில் வாங்கியவை இரண்டே பொருள்கள். ஒன்று இன்னொரு கேஸ்கெட். மற்றொன்று அடி தடித்த, ஆணி இல்லாத ஒரு எவர்சில்வர் பாத்திரம், பாலுக்கு மட்டும். பாலுக்குத் தனிப் பாத்திரம் என்பது பாட்டிகளின் பழைய சட்டம். அதை ஆசாரம் என்று ஒதுக்கியவர்கள், அதன் பின்னே பாலின் கொழுப்பு இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாவதாக வாங்கிய குக்கர் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

எல்லா வீட்டிலும் இது போதும் என்று சொல்ல முடியாது. வாசனையைப் போக்க வழி உண்டு. கறி வெந்த பாத்திரம் என்ற நினைப்பைப் போக்க எந்த உலோகத்தாலும் முடியாது. அப்படி நினைக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், வாதாடுவதைவிட அவருக்கென்று ஒரு சிறிய பாத்திரத்தை ஒதுக்குவது மரியாதை. அதையும் அவரே கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பசியில்லை என்று சொல்பவர்கள் பொதுவாக எதையும் கேட்பதில்லை.

இந்தப் பாட்டிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆட்டுக்கறி. திங்கட்கிழமை அதே குக்கரில், வேறு கேஸ்கெட்டோடு பயத்தம்பருப்பு. மருமகள் தட்டில் பரிமாறிவிட்டு, வேலை இருப்பதுபோல அங்கேயே நின்றார். பாட்டி பருப்பை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சோற்றில் ஊற்றிப் பிசையத் தொடங்கினார்.